பீரோ மேல் ஒரு பூனை

வீட்டில் ஏற்கெனவே ஒரு பூனை இருக்கிறது, இன்னொன்றைக் கொண்டுவரப் போகிறேன் என்று யாரிடம் சொன்னாலும் ஒரே பதில்தான் வருகிறது. “கொண்டுவந்து விட்டுடுங்க. ரெண்டு நாள் சீறும், மூணாம் நாள் அடிச்சுக்கும், அப்புறம் தானாப் பழகிக்கும்.” பூனை வளர்க்கிறவர்கள் சொல்கிறார்கள், வளர்க்காதவர்களும் சொல்கிறார்கள். தெருப் பூனைகளுக்குத் தினமும் சோறு வைக்கும் அக்காக்கள் சொல்கிறார்கள். இவர்களில் யாரும் பூனைக்குக் கெடுதல் நினைப்பவர்கள் இல்லை. பலர் என்னைவிட அதிகம் பூனைகளுக்காக உழைத்தவர்கள். ஆனாலும் அந்த யோசனை தவறு. அதைக் கேட்டு நடந்ததால்தான் என் வீட்டில் ஒரு பூனை நான்கு மாதம் ஒளிந்து வாழ்ந்தது. அதை நாங்கள் கவனிக்கக்கூட இல்லை.

செல்லிக்கு அப்போது ஆறு வயது. சாம்பல் வரிகள் போட்ட நாட்டுப் பூனை. சென்னையில் இரண்டாவது மாடியில் இரண்டு படுக்கையறை வீடு, நானும் அம்மாவும் அவளும். ஒரு மழை நாளில் கீழே வண்டி நிறுத்துமிடத்தில் நனைந்துகிடந்த ஒரு வயதுக் கடுவன் ஒன்றைப் பிளாஸ்டிக் கூடையில் போட்டு மேலே தூக்கிவந்தேன். துரை என்று பெயர் வைத்தோம். கூடையைக் கூடத்தின் நடுவில் வைத்துத் திறந்தேன். எல்லோரும் சொன்னது அதைத்தான். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. செல்லி சீறினாள், துரை பாய்ந்தான், இரண்டும் ஒரே பந்தாக உருண்டன, சோபாவுக்கு அடியில் சிறுநீரும் முடியும் சிதறிக் கிடந்தன. செல்லி அலமாரியைப் பிடித்து ஏறி பீரோ உச்சிக்குப் போய்விட்டாள்.

நான்கு இரவுகள் சத்தம் இருந்தது. ஐந்தாம் இரவு இல்லை. “பாத்தியா, பழகிடுச்சு” என்றார் அம்மா. நானும் பார்த்தவர்களிடம் எல்லாம் அதையே சொன்னேன். செல்லி பீரோ மேலேயே தூங்க ஆரம்பித்ததை, உயரமான இடம் பூனைக்குப் பிடிக்கும்தானே என்று எடுத்துக்கொண்டோம். அவள் கொஞ்சம் இளைத்தாள். வயதாகிறது என்றோம். நான்காம் மாதம் என் படுக்கையில் சிறுநீர் கழித்தாள். அதில் ரத்தம் இருந்தது.

மருத்துவர் அவளைத் தொடுவதற்கு முன்பே கேள்விகளைத் தொடங்கிவிட்டார். ராத்திரி எங்கே படுக்கிறாள்? தண்ணீர்க் கிண்ணம் எங்கே இருக்கிறது? லிட்டர் பாக்ஸுக்குப் போகிற வழியில் யார் படுத்திருக்கிறார்கள்? கடைசிக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. வீட்டுக்கு வந்து ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பார்த்தேன். துரை சண்டையே போடவில்லை. பால்கனிக்குப் போகும் குறுகலான நடையின் வாசலில் குறுக்கே படுத்திருந்தான், அவ்வளவுதான். லிட்டர் பாக்ஸ் அந்த நடையின் கோடியில் இருந்தது. செல்லி பீரோவிலிருந்து இறங்கி இரண்டு முறை நடை வரைக்கும் வந்தாள். அவன் தலையைத் தூக்கிப் பார்த்தான். அவள் திரும்பிப் போனாள். ஒரு சீறல் இல்லை, ஒரு கீறல் இல்லை. நான்கு மாதமாக எங்கள் வீட்டில் இருந்த அமைதி இதுதான்.

“தானாப் பழகிக்கும்” என்ற கட்சியில் மூன்று வாதங்கள் இருக்கின்றன. மூன்றுமே கேட்பதற்குச் சரியாகத்தான் தோன்றுகின்றன.

முதல் வாதம் தெருவைக் காட்டுகிறது. தெருவில் பத்துப் பூனைகள் ஒன்றாக இருக்கவில்லையா, அவற்றுக்கு யார் அறிமுகம் செய்துவைத்தார்கள்? இதைச் சொல்கிறவர்கள் தெருப் பூனைகளைப் பார்க்காதவர்கள் இல்லை. ஆனால் சோறு வைக்கும் அந்தப் பத்து நிமிடத்தில் மட்டும் பார்க்கிறார்கள். மீன் கடைக்குப் பின்னாலோ ஓட்டலின் கழிவுத் தொட்டி அருகிலோ சேர்ந்து வாழும் பூனைகளில் பெரும்பாலும் நடுவில் இருப்பவை தாயும் மகளும் அக்காளும் தங்கையும். ஒன்றின் குட்டிக்கு மற்றொன்று பால் கொடுக்கும் அளவுக்கு அவற்றுக்குள் ஒட்டுதல் உண்டு. வெளியிலிருந்து ஒரு புதுப் பூனை அந்தக் கூட்டத்தை நெருங்கினால் நடப்பது வேறு. கூட்டத்துப் பூனைகள் விரட்டும். அது போகும். சில நாள் தூரத்திலேயே சுற்றும், பிறகு இன்னும் கொஞ்சம் அருகில் வரும். ஏற்றுக்கொள்ளப்பட்டாலும் அதற்கு வாரங்கள், மாதங்கள் ஆகும். பெரும்பாலும் அது வேறு தெருவுக்குப் போய்விடும். நம் கண்ணில் படுவது நின்றுவிட்ட பூனை. போய்விட்டதை யாரும் எண்ணுவதில்லை.

மதில் மேல் பூனை என்று சொல்லிச் சொல்லி, அந்த மதிலை நாம் பார்ப்பதே இல்லை. காலையில் ஒரு பூனை அதன் மேல் நடக்கும், மாலையில் வேறொன்று. ஜெர்மானிய விலங்கு நடத்தை அறிஞர் பால் லைஹவுசன் கடந்த நூற்றாண்டின் நடுவிலேயே இதைக் கவனித்து எழுதினார்: ஒரே பாதையைப் பல பூனைகள் வேறு வேறு நேரத்தில் பயன்படுத்துகின்றன, எதிரில் இன்னொன்று வருவதைத் தூரத்திலேயே பார்த்தால் உட்கார்ந்துகொண்டு அது போகும்வரை காத்திருக்கின்றன. பூனைகள் சண்டையைத் தவிர்ப்பது இப்படித்தான். விலகிப் போவதற்கு இடமும் நேரமும் இருப்பதால் தெருவில் அமைதி நிலவுகிறது. தோற்ற பூனைக்கு அடுத்த காம்பவுண்டு இருக்கிறது. என் வீட்டில் தோற்றவளுக்கு ஒரு பீரோ இருந்தது. கதவைப் பூட்டிச் சாவியை நான் வைத்துக்கொண்டு, தெருவில் நடப்பதுபோல் இங்கும் நடக்கும் என்று எதிர்பார்த்தேன்.

பாட்டி வீட்டுப் பூனைகளைச் சொல்பவர்களுக்கும் பதில் இதுவேதான். முற்றமும் கொல்லையும் வைக்கோல் போரும் இருந்த வீடு அது. பூனை அந்த வீட்டுக்கு வந்துபோகும் ஆள். பிடிக்காவிட்டால் பக்கத்து வீட்டுக்குப் போய்விடும், பாட்டியும் “இப்பல்லாம் அது அவங்க வீட்லதான் கிடக்கு” என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பார். அறுநூறு சதுர அடிக்குள் பால்கனிக்கு வலை அடித்து வளர்க்கும் பூனைக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. வலை அடிப்பது சரி, நானும் அடித்திருக்கிறேன். மாடியிலிருந்து விழுந்து செத்த பூனைகளை அறிவேன். ஆனால் வலையை அடித்த அன்றே, விலகிப் போகும் வேலையைப் பூனையிடமிருந்து பிடுங்கிவிட்டோம். அந்த வேலையை இனி நாம்தான் செய்துகொடுக்க வேண்டும்.

இரண்டாவது வாதம்: யார் பெரியவன் என்று முடிவாகட்டும், அதுவரை சண்டை இருக்கும், முடிவானதும் நின்றுவிடும். இது நாய்களைப் பார்த்துப் பூனைக்குச் சொல்லும் வாதம். நாய் கூட்டமாக வாழ்ந்த விலங்கின் வழிவந்தது. சண்டைக்குப் பிறகு வாலைத் தாழ்த்தி, முகத்தை நக்கி, சமாதானம் பேசும் உடல்மொழி அதற்கு நிறைய உண்டு. பூனையின் முன்னோர் யார் என்பது 2007இல் வெளியான மரபணு ஆய்வில் தெளிவாயிற்று. மேற்கு ஆசியப் பகுதியின் காட்டுப் பூனை, தனியாக எலி பிடித்துத் தனியாகத் தின்று தனக்கென ஓர் எல்லையைக் காத்த விலங்கு. மனிதரின் தானியக் கிடங்குகளுக்கு அருகே வந்து சில ஆயிரம் ஆண்டுகளில் கூடி வாழக் கற்றுக்கொண்டது உண்மை. ஆனால் சண்டை முடிந்தபின் உறவைச் சரிசெய்யும் சைகைகள் அதனிடம் மிகக் குறைவு. பூனைக்குக் கெட்ட முதல் சந்திப்பு ஒரு பாடம். இந்த வாசனை வந்தால் வலி வரும் என்று அது கற்றுக்கொள்கிறது. அதை மறக்கவைப்பது, முதலிலேயே கற்பிக்காமல் இருப்பதைவிடப் பல மடங்கு கடினம்.

இது என் ஒரு வீட்டின் அனுபவம் மட்டும் இல்லை. அமெரிக்காவில் காப்பகத்திலிருந்து பூனையை எடுத்து, ஏற்கெனவே பூனை உள்ள வீட்டுக்குக் கொண்டுபோனவர்களிடம் விசாரித்து 2005இல் ஓர் ஆய்வு வெளியானது. ஏறக்குறைய பாதி வீடுகளில் தொடக்கத்தில் கடியும் கீறலுமாகச் சண்டை நடந்திருக்கிறது. முதல் சந்திப்பே பகையாக அமைந்த வீடுகளில் பிற்பாடும் சண்டை தொடரும் வாய்ப்பு அதிகமாக இருந்தது. அந்த ஒரு நிமிடத்தைத்தான் நம் ஊர் யோசனை ‘விட்டுடுங்க’ என்கிறது.

மூன்றாவது வாதம் அனுபவத்திலிருந்து வருகிறது, அதனால் மறுப்பதற்குச் சங்கடமானது. “எங்க வீட்ல அப்படித்தான் விட்டோம், ஒண்ணும் ஆகலையே, இப்போ ரெண்டும் ஒரே தலையணையில தூங்குது.” உண்மையாகவே அப்படி நடக்கிறது. வந்தது மூன்று மாதக் குட்டியாக இருக்கலாம். குட்டியை எதிரியாகப் பார்க்காமல் தொல்லையாக மட்டும் பார்க்கும் பெரிய பூனைகள் உண்டு. இரண்டுமே பிறந்த இரண்டாம் வாரத்திலிருந்து ஏழாம் வாரம் வரையான காலத்தை மற்றப் பூனைகளோடு கழித்தவையாக இருக்கலாம். பூனையின் கூச்சமும் நட்பும் பெரும்பாலும் அந்த வாரங்களில்தான் உருவாகின்றன. அந்த வீட்டுக்கு அதிர்ஷ்டம் இருந்தது. சாலையைப் பார்க்காமல் கடந்து மறுபுறம் சேர்ந்தவர்களும் இருக்கிறார்கள். அதைக் குழந்தைக்குச் சொல்லிக்கொடுக்க மாட்டோம்.

ஆனால் “ஒண்ணும் ஆகலை” என்று சொல்லும் எல்லா வீடுகளிலும் ஒன்றும் ஆகவில்லையா? அந்த வீடுகளுக்குப் போனால் நான் முதலில் தேடுவது, இரண்டில் எது எப்போதும் உயரத்தில் இருக்கிறது என்பதை. எது மற்றது தூங்கியபிறகு மட்டும் சாப்பிட வருகிறது, எது அறைக்குள் நுழையும் முன் வாசலில் நின்று பார்க்கிறது, எது உடம்பை நக்கி நக்கி வயிற்று முடியை வழித்துவிட்டிருக்கிறது என்பதை. பூனைகளுக்கிடையே பகை பெரும்பாலும் சத்தமில்லாதது. இமைக்காத முறைப்பு, வழியில் குறுக்கே படுத்தல், மற்றது வந்ததும் எழுந்துபோதல். கத்திச் சண்டை போடும் பூனைகளைவிட இவைதான் அதிகம் துன்பப்படுகின்றன, ஏனென்றால் யாருக்கும் கேட்பதில்லை.

இந்த யோசனையோடு ஒட்டிவரும் ஓர் உவமையும் உண்டு. “புது மருமக வந்த மாதிரிதான். ஆரம்பத்துல முறைச்சுக்கும், போகப்போக அட்ஜஸ்ட் ஆயிடும்.” என் அம்மாவும் இதைச் சொன்னார். செல்லியின் சிறுநீரில் ரத்தம் வந்த அன்று இரவு அவரே வேறொன்றும் சொன்னார். “நானும் அட்ஜஸ்ட் ஆயிட்டேன்னுதான் எல்லாரும் சொன்னாங்க.” அதற்குமேல் அவர் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. வாயில்லாத ஒன்று அடங்கிப்போவதைப் பழகிக்கொண்டது என்று சொல்லிவிடுவது நமக்கு மிக எளிதாக வருகிறது.

அடங்கிப்போவதற்கு உடம்பு கொடுக்கும் விலை மருத்துவ நூல்களில் பதிவாகியிருக்கிறது. மன அழுத்தத்தில் உள்ள பூனைக்குக் கிருமி எதுவும் இல்லாமலே சிறுநீர்ப்பை வீங்கிப் புண்ணாகும். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் டோனி பஃபிங்டன் பல ஆண்டுகள் ஆராய்ந்தது இந்த நோயைத்தான். பூனையின் சுற்றுச்சூழலை மாற்றியமைத்தாலே அறிகுறிகள் குறைவதை 2006இல் அவரும் உடன் ஆய்வாளர்களும் காட்டினார்கள். செல்லிக்கு வந்தது இதுதான். அவள் பெண் என்பதால் தப்பித்தாள். இதே நோய் கடுவனுக்கு வந்தால் குறுகலான சிறுநீர்க் குழாய் அடைத்துக்கொள்ளக்கூடும். உடனே சிகிச்சை தராவிட்டால் இரண்டு மூன்று நாளில் உயிர் போய்விடும். பயத்தில் சாப்பிடாமல் கிடக்கும் பருத்த பூனைக்குச் சில நாள்களிலேயே கல்லீரலில் கொழுப்பு படிந்து உயிருக்கு ஆபத்து வரும். பூனைப் பல் ஊசி மாதிரி ஆழமாக இறங்கும், மேலே தோல் மூடிக்கொள்ளும், உள்ளே சீழ் கட்டும். பூனைகளின் எதிர்ப்புச் சக்தியை அழிக்கும் எஃப்.ஐ.வி. கிருமியும் முக்கியமாகக் கடி வழியாகத்தான் பரவுகிறது.

தொற்றுநோயைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை என்பது எனக்கு இன்னும் ஆச்சரியம். வண்டி நிறுத்துமிடத்திலிருந்து வந்த பூனை பார்வைக்குத் திடமாக இருக்கும், உடம்புக்குள் பான்லுகோபீனியா என்ற தொற்றுநோயின் கிருமி இருக்கலாம். அறிகுறி தெரிய ஒரு வாரம், சிலவேளை அதற்கு மேலும் ஆகலாம். அந்தக் கிருமி வீட்டுக்குள் ஓர் ஆண்டுகூடத் தாக்குப்பிடிக்கும்; சாதாரண சோப்புக்கும் பினாயிலுக்கும் அசையாது, பிளீச்சிங் கரைசல் வேண்டும். தடுப்பூசி போடாத பூனையுள்ள வீட்டில் கூடையை நடுக் கூடத்தில் திறந்தால் அந்த வீட்டையே அதற்குத் திறந்துவிட்டதாகும். வேறு எந்தக் காரணமும் இல்லையென்றாலும், புதுப் பூனையை இரண்டு வாரம் தனி அறையில் வைக்க இது ஒன்றே போதும்.

எதிர்த்தரப்பில் எனக்கு மதிப்புள்ள கேள்வி ஒன்றுதான். “தனி அறைக்கு எங்கே போவது?” ஒற்றை அறை வீட்டில் ஐந்து பேர் வாழும் இடத்தில் பூனைக்கு அறை கேட்பது நியாயமா என்று ஒரு நண்பர் கேட்டார். கேள்வி நியாயம்தான். அறை என்பது நான்கு சுவர் என்று நான் சொல்லவில்லை. நடுவில் பார்வையை மறைக்கும் தடுப்பு, காப்பகங்களில் வைத்திருக்கும் பெரிய கம்பிக் கூண்டு, அதன்மேல் ஒரு பழைய புடவை, பகலில் பயன்படாத குளியலறை, இவற்றில் எதுவும் ஆகும். ஏதோ ஒரு தடுப்பு, புதியது தன் சாப்பாட்டையும் தண்ணீரையும் மண் தட்டையும் யாருடைய முறைப்பும் இல்லாமல் பயன்படுத்தும் இடம். அதுவும் முடியாது என்றால் இரண்டாவது பூனையை அந்த வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது. தெருவிலேயே சோறு வைக்கலாம், கருத்தடை செய்துவிடலாம், வேறு வீடு தேடலாம். வீட்டுக்குள் கொண்டுவருவது மட்டுமே கருணை என்று நினைக்க வேண்டியதில்லை. முதல் பூனைக்கு நாம் ஏற்கெனவே வாக்குக் கொடுத்துவிட்டோம்.

“பாவம், தனியா இருக்கு, துணை வேணும்” என்பதும் அடிக்கடி கேட்கிற பேச்சு. சில பூனைகளுக்குத் துணை வேண்டும்தான், கூடப் பிறந்ததோடு வளர்ந்தவற்றுக்கு முக்கியமாக. ஆறு ஆண்டு தனியாக ஆண்ட செல்லிக்குத் துணை வேண்டுமென்று நான் நினைத்தது என் தனிமையை அவள்மேல் ஏற்றிய வேலை.

மருத்துவர் சொன்னபடி இரண்டையும் மறுபடி பிரித்தோம். துரைக்குக் கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, என் அறையில் வைத்தோம். கதவு மூடியே இருந்தது. முதல் வாரம் வாசனை மட்டும். பூனை உலகத்தை முதலில் மூக்கால்தான் படிக்கிறது. கன்னத்தில், தாடையில், பாதத்தில், வாலடியில் எல்லாம் வாசனைச் சுரப்பிகள். நாற்காலிக் காலில் கன்னத்தைத் தேய்ப்பது இது என் இடம் என்று எழுதிவைப்பது மாதிரி. துரையின் கன்னத்தில் ஒரு பழைய துணியைத் தேய்த்துச் செல்லியின் சாப்பாட்டுத் தட்டுக்கு இரண்டடி தள்ளி வைத்தேன், அவளுடையதை அவனிடம். முதல் நாள் அவள் சாப்பிடாமல் போனாள். நான்கடி தள்ளி வைத்தேன், சாப்பிட்டாள். இதில் முக்கியம் என்று நான் கண்டது இதுதான்: அவள் சொல்லும் தூரம்தான் தூரம். நம் அவசரம் அங்கே செல்லாது.

பிறகு கதவின் இரு பக்கமும் வேகவைத்த மத்தி மீன். தட்டுகளை நாளுக்கு ஒரு கை அகலம் கதவுக்கு அருகே நகர்த்தினோம். பிறகு அறைகளை மாற்றினோம், அவன் கூடத்தில், அவள் என் அறையில், ஒருவரை ஒருவர் பார்க்காமல். அதன் பிறகுதான் பார்வை. நம் ஊர் வீடுகளில் இதற்கு ஓர் அருமையான வசதி இருக்கிறது, கொசுவலைக் கதவு. மரக்கதவைத் திறந்துவைத்து வலைக்கதவை மட்டும் மூடினால் போதும். கீழ்ப்பாதியில் ஒரு துண்டைத் தொங்கவிட்டு நாளுக்குக் கொஞ்சமாக உயர்த்தினேன். முறைப்பு தொடங்கினால் ஒரு அட்டையை இடையில் நுழைத்து அன்றைய பாடத்தை முடித்தேன். கையை விட்டுப் பிரிக்கக் கூடாது. வெறியில் இருக்கும் பூனை யார் கை என்று பார்க்காது. இரண்டின் கழுத்தையும் பிடித்து முகத்தை முகத்தோடு வைத்து மோப்பம் பிடிக்கவைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள்.

வீட்டையும் மாற்றினோம். அமெரிக்கப் பூனை மருத்துவர் சங்கமும் சர்வதேசப் பூனை மருத்துவ அமைப்பும் 2013இல் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதலில், பாதுகாப்பான ஒதுங்கிடமும், சாப்பாடு, தண்ணீர், கழிப்பிடம் இவை ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் பிரிந்திருப்பதும் பூனையின் அடிப்படைத் தேவைகளாகச் சொல்லப்பட்டிருக்கின்றன. இரண்டு பூனைக்கு மூன்று லிட்டர் பாக்ஸ் என்பது மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. மூன்றையும் ஒரே வரிசையில் வைத்தால் பூனைக்கு அது ஒன்றுதான். ஒருவன் வாசலில் படுத்து மூன்றையும் காவல் காத்துவிடுவான். எங்கள் வீட்டில் ஒன்று பால்கனியில், ஒன்று குளியலறையில், ஒன்று அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில். அம்மா முகம் சுளித்தார், பிறகு அதை அள்ளுவதும் அவரே என்றானது.

பதினோரு வாரம் ஆனது. நடுவில் இரண்டு முறை பின்வாங்கி முதலிலிருந்து தொடங்கினோம். அந்தக் கெட்ட முதல் நிமிடம் இல்லாதிருந்தால் மூன்று நான்கு வாரத்தில் முடிந்திருக்கலாம் என்றார் மருத்துவர். பொறுமையில்லாமல் மிச்சம் பிடித்த அந்தச் சில வாரங்களுக்கு நாங்கள் கொடுத்தது ஏறக்குறைய ஏழு மாதம், ஒரு ஸ்கேன், இரண்டு மாதத்து மருந்து, செல்லியின் உடம்பில் அரைக் கிலோ.

இரண்டும் ஒரே தலையணையில் தூங்குவதில்லை. ஒன்றையொன்று நக்குவதும் இல்லை. காலையில் பால்கனி ஜன்னல் திண்டு துரைக்கு. புறாக்கள் வரும் நேரம். ஒன்பது மணிக்கு மேல் வெயில் அங்கே விழத் தொடங்கும்போது செல்லி நடையில் வந்து உட்காருகிறாள். துரை சோம்பல் முறித்து இறங்கி, சுவரோரமாக, அவளுக்கு ஒரு முழம் இடம் விட்டு உள்ளே போகிறான். அவள் ஏறிப் படுத்துக்கொள்கிறாள். பீரோ மேல் இப்போது பழைய பெட்டிகள் இருக்கின்றன.